தனிம வரிசை அட்டவணையை வைத்துப் பிணைப்பின் வகையைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். பொட்டாசியம் புரோமைடில் இரண்டு தனிமங்களுக்கும் இடையே அதன் வேறுபாடு 2.14. சிலிக்கான் டெட்ராஃபுளூரைடில் 2.08. “1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு” என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டவர் இரண்டையும் உப்பு என்றே எழுதிவிடுவார். முதலாவது உப்புதான், 734 டிகிரி செல்சியஸில் உருகும் வெள்ளைப் படிகம். இரண்டாவது அறை வெப்பநிலையில் வாயு.

இப்படிச் சறுக்காமல் இருக்க அட்டவணையிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தனிமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? எத்தனை எலக்ட்ரான்களை இழக்க வேண்டும்? கவர்தன்மைகளின் வேறுபாடு எவ்வளவு? அவற்றின் சராசரி எவ்வளவு? பாடக்குறிப்புகள் பெரும்பாலும் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன. நான்காவதைப் பள்ளியில் யாரும் சொல்வதே இல்லை. ஆனால் மேலே உள்ள இரண்டையும் பளிச்சென்று பிரித்துக் காட்டுவது அதுதான்.

இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே சகப்பிணைப்பு என்று வருவது உங்கள் பங்கீட்டு வலுப் பிணைப்பு, எலக்ட்ரான் கவர்தன்மை என்பது மின்னெதிர்த்தன்மை, தொகுதி என்பது கூட்டம், தொடர் என்பது ஆவர்த்தனம். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

18 தொகுதிகளும் 7 தொடர்களும் உள்ள ஓர் அட்டவணை, ஒரு கால்குலேட்டர், பாலிங் அளவுகோலில் இரண்டு தசம இடம் வரை கொடுத்த கவர்தன்மை மதிப்புகள். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் இந்த அளவுகோலை 1932-இல் வெளியிட்டார். பிறகு மதிப்புகள் திருத்தப்பட்டன. பழைய புத்தகங்களில் சோடியம் 0.9, குளோரின் 3.0 என்று முழுதாக்கிய எண்கள் இருக்கும், புதியவற்றில் 0.93, 3.16. ஒரே கணக்குக்கு இரண்டு பேருக்கு 2.1, 2.23 என்று வெவ்வேறு விடை வருவது இதனால்தான். இரண்டும் தவறில்லை. ஒரு எண்ணைப் பழையதிலிருந்தும் மற்றதைப் புதியதிலிருந்தும் எடுத்தால்தான் தவறு.

அடிக்கடி தேவைப்படும் மதிப்புகள்:

- ஹைட்ரஜன் 2.20
- லித்தியம் 0.98, சோடியம் 0.93, பொட்டாசியம் 0.82, சீசியம் 0.79
- பெரிலியம் 1.57, மெக்னீசியம் 1.31, கால்சியம் 1.00
- போரான் 2.04, அலுமினியம் 1.61
- கார்பன் 2.55, சிலிக்கான் 1.90, வெள்ளீயம் 1.96
- நைட்ரஜன் 3.04, பாஸ்பரஸ் 2.19
- ஆக்சிஜன் 3.44, கந்தகம் 2.58
- ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66
- இரும்பு 1.83, தாமிரம் 1.90, துத்தநாகம் 1.65, வெள்ளி 1.93, தங்கம் 2.54, பாதரசம் 2.00

எண்கள் இல்லாத தேர்வு அறையில் திசையை வைத்துச் சமாளிக்கலாம்: தொடரில் இடமிருந்து வலமாகப் போகப் போகக் கவர்தன்மை கூடும், தொகுதியில் கீழே இறங்க இறங்கக் குறையும். இடைநிலை உலோகங்களில் இந்தத் திசை அவ்வளவு ஒழுங்காக வராது. தங்கத்தின் 2.54-ஐயும் கார்பனின் 2.55-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணை மட்டும் நம்பினால் தங்கத்தை அலோகம் என்று சொல்ல வேண்டிவரும்! அதனால்தான் முதல் படி எண் அல்ல, இடம்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

போரானில் தொடங்கி, சிலிக்கான், ஆர்செனிக், டெல்லூரியம் எனப் படிக்கட்டாக இறங்கும் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் அலோகம், கோட்டை ஒட்டி இரண்டின் குணமும் கலந்த உலோகப்போலிகள். ஹைட்ரஜன் முதல் தொகுதியின் தலையில் இருந்தாலும் அதை அலோகமாகவே எண்ணுங்கள்.

இந்த இடத்திலேயே ஒரு தற்காலிக விடை கிடைத்துவிடும். உலோகமும் அலோகமும் என்றால் எலக்ட்ரானை ஒன்று கொடுத்து மற்றது வாங்கும் அயனிப் பிணைப்பு. அலோகம் இரண்டு என்றால் எலக்ட்ரான்களைப் பங்குபோடும் சகப்பிணைப்பு. உலோகம் இரண்டு என்றால் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவும் உலோகப் பிணைப்பு. பென்சிலால் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம். அடுத்த படிகளில் இதை அழிக்க வேண்டி வரலாம்.

பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும், வெண்கலத்தில் தாமிரமும் வெள்ளீயமும்: இரண்டிலும் வேறுபாடு 0.3-க்குள்தான், சந்தேகமே இல்லாமல் உலோகப் பிணைப்பு. அலோகம் இரண்டு சேரும் இடத்திலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை. தொல்லை எல்லாம் உலோகமும் அலோகமும் சேரும் இடத்தில்தான். இந்த வழிகாட்டியில் பாதி அதற்காகவே செலவாகிறது.

ஒரு கண்ணியை இப்போதே சொல்லிவிட வேண்டும். நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடில், நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் மூன்றும் அலோகம். மேலே உள்ள விதிப்படி சகப்பிணைப்பு என்று வரும். ஆனால் அது அம்மோனியம் அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்த உப்பு. பெயரில் அம்மோனியம், நைட்ரேட், சல்பேட், கார்பனேட், பாஸ்பேட் போன்ற சொல்லைக் கண்டால் அணு அணுவாகப் பார்க்காதீர்கள். அந்தத் தொகுப்பை ஒரே அயனியாக எடுத்துக்கொண்டு, அதற்கும் அடுத்ததற்கும் இடையே அயனிப் பிணைப்பு, தொகுப்புக்கு உள்ளே சகப்பிணைப்பு என்று இரண்டு விடை எழுதுங்கள். நவச்சாரத்தில் மூன்றாவதும் உண்டு: அம்மோனியாவின் நைட்ரஜன் தன் தனித்த எலக்ட்ரான் இணையை ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுத்ததால் உண்டான ஈதல் சகப்பிணைப்பு. உருவான பிறகு நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரே மாதிரிதான். எது ஈதல் பிணைப்பு என்று தொட்டுக் காட்ட முடியாது.

படி 2: எத்தனை எலக்ட்ரான், எவ்வளவு மின்சுமை

1, 2 தொகுதிகளில் தொகுதி எண்ணே இணைதிறன் எலக்ட்ரான்களின், அதாவது பிணைப்பில் ஈடுபடும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின், எண்ணிக்கை. 13 முதல் 18 வரை தொகுதி எண்ணிலிருந்து 10-ஐக் கழியுங்கள். ஹீலியத்துக்கு மட்டும் 2. இடைநிலை உலோகங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே சேர்மத்தின் பெயரிலிருந்தோ வாய்பாட்டிலிருந்தோ ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கு என்பதை, கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, எலக்ட்ரானை அணுவிலிருந்து பிரித்தெடுக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல் காட்டும். பொட்டாசியத்தின் ஒரு எலக்ட்ரானை உருவ மோலுக்கு 419 கிலோ ஜூல் போதும். மெக்னீசியத்தின் இரண்டையும் உருவச் சுமார் 2,190. அலுமினியத்தின் மூன்றுக்கும் சுமார் 5,140. சிலிக்கானின் நான்குக்கும் ஏறத்தாழ 9,950. இந்தச் செலவைப் படிக ஆற்றல் (அயனிகள் படிகமாக அடுக்கும்போது வெளிவரும் ஆற்றல்) திருப்பிக் கொடுத்தால்தான் அயனிச் சேர்மம் கட்டுப்படியாகும். அப்படியே உருவினாலும், சின்ன அணுவில் நான்கு நேர்மின்சுமை குவிந்தால், அது பக்கத்து எதிரயனியின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துப் பங்குபோட்டுக்கொள்ளும். இழந்த கையோடு திரும்ப வாங்கிக்கொள்வது போலத்தான்.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +1 அல்லது +2 என்றால் முதல் படியின் விடையை நம்புங்கள். +3 என்றால் சந்தேகப்படுங்கள். +4-உம் அதற்கு மேலும் என்றால் சகப்பிணைப்பு என்று தொடங்கி, அப்படி இல்லை என்று நிரூபணம் தேடுங்கள்.

வெள்ளீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு குளோரைடுகள். இரண்டிலும் தனிமங்கள் அவையேதான், ஆகவே வேறுபாடும் அதே 1.20. வெள்ளீயம் +2 ஆக உள்ள ஸ்டேனஸ் குளோரைடு 247 டிகிரியில் உருகும் திண்மம். +4 ஆக உள்ள ஸ்டேனிக் குளோரைடு, திறந்து வைத்தால் ஈரக்காற்றில் புகையும் திரவம். 114 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பிலும் அப்படியே: ஃபெரஸ் குளோரைடு 677 டிகிரி வரை தாங்கும், ஃபெரிக் குளோரைடு அதில் பாதிக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகி ஆவியாகும், ஆவியில் இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகள். மாங்கனீசில் இது உச்சம். +2 நிலை ஆக்சைடு 1,800 டிகிரியைத் தாண்டினாலும் உருகாத திண்மம். +7 நிலை ஆக்சைடு அறை வெப்பநிலையில் எண்ணெய் போன்ற, வெடிக்கக்கூடிய திரவம். கவர்தன்மைக் கழித்தலால் இந்த ஜோடிகள் எதையும் பிரிக்க முடியாது.

படி 3: வேறுபாடு

பெரிய மதிப்பிலிருந்து சின்னதைக் கழியுங்கள். வழக்கமான எல்லைகள்: 0.4 வரை முனைவற்ற (எலக்ட்ரான்களை ஏறத்தாழ சமமாகப் பங்குபோடும்) சகப்பிணைப்பு, 0.4-க்கும் 1.7-க்கும் நடுவே முனைவுற்ற (ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கும்) சகப்பிணைப்பு, அதற்கு மேல் அயனிப் பிணைப்பு. சில நூல்கள் 0.5 என்றும் 2.0 என்றும் போடும். இயற்கையில் இந்தக் கோடுகள் கிடையாது, நாம் வரைந்தவை. எல்லைக்கு அருகில் 0.3 அளவுக்குள் விழும் எதையும் இந்தப் படியை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

1.7 எங்கிருந்து வந்தது? பாலிங் ஒரு தோராயச் சூத்திரம் தந்தார். வேறுபாட்டை வர்க்கப்படுத்தி 4-ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணை எதிர்க்குறியோடு 2.718-இன் அடுக்காக வைத்து, விடையை 1-லிருந்து கழிக்க வேண்டும். 100-ஆல் பெருக்கினால் அயனித் தன்மையின் சதவீதம். சமையல் உப்புக்கு: 2.23-இன் வர்க்கம் 4.97, 4-ஆல் வகுத்தால் 1.243, அடுக்கின் மதிப்பு 0.289, ஆகவே 71 சதவீதம். 1.7-ஐப் போட்டுப் பாருங்கள், 51 வரும். சரிபாதி என்பதால் அதைக் கோடாக்கிவிட்டார்கள்.

இந்தச் சதவீதத்தை அளந்த மதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்குச் சூத்திரம் 55 தருகிறது. அதன் இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை இரு முனைகளுக்கும் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு) 1.82 டிபை, பிணைப்பு நீளம் சுமார் 92 பிகோமீட்டர். எலக்ட்ரான் முழுதாக இடம் மாறியிருந்தால் திருப்புத்திறன் 4.4 டிபை இருந்திருக்கும். வகுத்தால் 41 சதவீதம்தான். 1.78 வேறுபாடு இருந்தும் அது 20 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் மூலக்கூற்றுச் சேர்மம். 1.7 விதியை நம்பி மதிப்பெண் இழப்பவர்களுக்கு மிகப் பழக்கமான எதிரி இதுதான்.

படி 4: சராசரி

லித்தியம் ஹைட்ரைடில் வேறுபாடு 1.22. நீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.24. ஒன்று நாம் குடிப்பது. மற்றது ஏறத்தாழ 690 டிகிரியில் உருகும் அயனிப் படிகம். உருக்கி மின்னாற்பகுத்தால் ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வெளிவருகிறது, அதாவது அங்கே ஹைட்ரஜன் எதிரயனியாகவே இருந்திருக்கிறது.

இரண்டு மதிப்புகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். லித்தியம் ஹைட்ரைடின் சராசரி 1.59, நீரினுடையது 2.82. சராசரி அதிகம் என்றால் இரண்டு அணுக்களுமே எலக்ட்ரானை விடாப்பிடியாக வைத்திருப்பவை. பங்குபோடுவதைத் தவிர வழியில்லை. சராசரி குறைவு என்றால் ஒன்றாவது எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிடும். இப்போது தொடக்கத்தில் பார்த்த ஜோடிக்குத் திரும்புங்கள்: பொட்டாசியம் புரோமைடு 1.89, சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு 2.94. முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

இதைப் படமாகவே வரையலாம். வேதியியலாளர்கள் வான் ஆர்க்கெல் 1941-இலும் கெட்டலார் 1947-இலும் பயன்படுத்திய முக்கோணத்தின் இன்றைய வடிவம் இது. வரைபடத் தாளில் கிடை அச்சில் சராசரி, நெடு அச்சில் வேறுபாடு. ஓர் அலகுக்கு 4 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்று மூலைகளைக் குறியுங்கள்: சீசியம் உலோகம் (0.79, 0), ஃபுளூரின் வாயு (3.98, 0), சீசியம் ஃபுளூரைடு (2.39, 3.19). இடது கீழ் மூலை உலோகப் பிணைப்பு, வலது கீழ் மூலை சகப்பிணைப்பு, உச்சி அயனிப் பிணைப்பு. கீழ்க் கோட்டில் 1.9-க்கும் 2.2-க்கும் நடுவே போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்செனிக் வரிசையாக விழும். படிக்கட்டுக் கோடு இந்தத் தாளில் அந்த இடத்தில் இருக்கிறது. பிறகு நீங்கள் கேள்விப்படும் ஒவ்வொரு சேர்மத்தையும் புள்ளியாக வையுங்கள். இருபது புள்ளிகள் சேர்ந்ததும், எல்லைக் கோடு படுக்கையாக இல்லாமல் வலப்பக்கம் ஏறிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். 1.7 என்ற கிடைக்கோடு ஏன் தோற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரு விசித்திரப் புள்ளி: சீசியமும் தங்கமும் சேர்ந்த சேர்மம். சராசரி 1.67, வேறுபாடு 1.75. இரண்டும் உலோகம்தான், முதல் படியில் உலோகப் பிணைப்பு என்று எழுதியிருப்பீர்கள். ஆனால் அது உலோகம்போல் மின்சாரம் கடத்தாது, குறைகடத்தி. தங்கம் அங்கே எதிரயனி.

படி 5: ஃபஜான் விதியால் திருத்துங்கள்

வேதியியலாளர் காசிமிர் ஃபஜான் 1923-இல் சொன்னது மூன்று வரியில் அடங்கும். நேரயனி சின்னதாகவும் மின்சுமை மிகுந்ததாகவும் இருந்தால் சகப்பிணைப்புத் தன்மை கூடும். எதிரயனி பெரிதாக இருந்தால் அப்படியே. நேரயனியின் வெளிக்கூட்டில் மந்த வாயுவைப்போல 8 எலக்ட்ரான் இல்லாமல் 18 இருந்தாலும் கூடும்.

மூன்றாவது தொடரின் குளோரைடுகளை வரிசையாக வைத்தால் முதல் வரி கண்முன்னே நடக்கும்.

| சேர்மம் | வேறுபாடு | நடத்தை |
|---|---|---|
| சோடியம் குளோரைடு | 2.23 | 801 டிகிரியில் உருகும் |
| மெக்னீசியம் குளோரைடு | 1.85 | 714 டிகிரியில் உருகும் |
| அலுமினியம் குளோரைடு | 1.55 | சுமார் 180 டிகிரியில் பதங்கமாகும் (உருகாமல் நேராக ஆவியாகும்) |
| சிலிக்கான் டெட்ராகுளோரைடு | 1.26 | திரவம், 58 டிகிரியில் கொதிக்கும் |
| பாஸ்பரஸ் டிரைகுளோரைடு | 0.97 | திரவம், 76 டிகிரியில் கொதிக்கும் |

மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே 500 டிகிரிக்கு மேல் விழுகிறது, வேறுபாடோ 0.3 மட்டுமே குறைந்திருக்கிறது. அலுமினியம் குளோரைடு இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தக்கது. திண்ம நிலையில் ஒவ்வொரு அலுமினியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். உப்பைப் போன்ற அடுக்கு அமைப்பு. அழுத்தம் கொடுத்து 192 டிகிரியில் உருக்கினால் அந்த அடுக்கு குலைந்து, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிகிறது. கன அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உருகினால் கடத்துத்திறன் ஏற வேண்டியது அயனிச் சேர்மத்தின் இலக்கணம். இதில் ஏறத்தாழ பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே அலுமினியத்தை ஃபுளூரினோடு சேர்த்தால் வேறுபாடு 2.37, அந்தச் சேர்மம் 1,200 டிகிரியைத் தாண்டித்தான் ஆவியாகும். இரண்டாவது வரியும் இதிலேயே புரிந்துவிடும்: சின்ன ஃபுளூரைடின் எலக்ட்ரான் மேகம் நேரயனியின் இழுப்புக்கு வளைந்துகொடுக்காது, பெரிய குளோரைடினுடையது வளையும்.

பெரிலியம் இரண்டாம் தொகுதி என்பதால் அதன் குளோரைடை அயனிச் சேர்மம் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. அட்டவணையில் குறுக்காகக் கீழே பாருங்கள், அங்கே அலுமினியம். பெரிலியம் தன் தொகுதிக்காரர்களை விட்டு அலுமினியத்தைப் போலவே நடக்கும். லித்தியமும் இப்படித்தான், மெக்னீசியத்தின் சாயல். லித்தியம் குளோரைடு ஆல்கஹாலில் நன்றாகக் கரைவதும் அதனால்தான்.

மூன்றாவது வரிக்குத் தமிழ்நாட்டுச் சித்த மருத்துவமே சாட்சி. பாடநூலில் திண்மம் நேராக ஆவியாவதைப் பதங்கமாதல் என்கிறோம்; சித்த மருத்துவத்தில் அப்படி ஆவியாக்கிப் படியவைத்த மருந்து பதங்கம். வீரம் என்று அங்கே சொல்வது மெர்குரிக் குளோரைடு, கடும் நஞ்சு. கால்சியம் குளோரைடோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டிலும் உலோகம் +2. கால்சியம் அயனியின் ஆரம் 100 பிகோமீட்டர், பாதரச அயனியுடையது 102, கிட்டத்தட்ட சமம். ஆனால் கால்சியம் குளோரைடு 772 டிகிரியில் உருகுகிறது, வீரம் 277-இலேயே. பாதரசத்தின் வெளிக்கூட்டில் 18 எலக்ட்ரான். அவை அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை, ஆகவே குளோரினின் எலக்ட்ரான் மேகத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குளோரின்–பாதரசம்–குளோரின் என்ற நேர்கோட்டு மூலக்கூறுகள் சூட்டில் எளிதாகக் கழன்று பறக்கின்றன. கால்சியம் குளோரைடை யாரும் பதங்கமாக எடுத்ததில்லை. வீரத்தோடு பெயர் சேர்ந்தே வரும் பூரத்தில், அதாவது மெர்குரஸ் குளோரைடில், இரண்டு பாதரச அணுக்களுக்கு நடுவிலேயே ஒரு சகப்பிணைப்பு இருக்கிறது. உலோகம் இரண்டு சேர்ந்தால் உலோகப் பிணைப்பு என்ற முதல் படி இங்கேயும் வழுக்கும்.

ஆகவே 11, 12 தொகுதிகளைக் கண்டால், அதிலும் 5, 6-ஆம் தொடர்களில், விடையைச் சகப்பிணைப்புப் பக்கம் ஒரு படி நகர்த்துங்கள். வெள்ளி அயோடைடின் வேறுபாடு 0.73 மட்டுமே என்பதையும், சில்வர் ஃபுளூரைடு நீரில் கரையும், அயோடைடு கரையாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

படி 6: சகப்பிணைப்பு என்று வந்தால் வேலை முடியவில்லை

இரண்டு கேள்விகள் மிச்சம். ஒன்று, மூலக்கூறு முனைவுள்ளதா? கார்பன் டைஆக்சைடில் ஒவ்வொரு பிணைப்பும் முனைவுற்றதுதான், வேறுபாடு 0.89. ஆனால் மூன்று அணுக்களும் ஒரே கோட்டில் எதிரெதிராக இழுப்பதால் மொத்தத் திருப்புத்திறன் பூஜ்ஜியம். பிணைப்பின் முனைவை அட்டவணை சொல்லும். மூலக்கூறின் முனைவைச் சொல்ல வடிவமும் வேண்டும்.

இரண்டு, மூலக்கூறா, வலைப்பின்னலா? கார்பனும் சிலிக்கானும் ஒரே தொகுதி. கார்பன் டைஆக்சைடு −78.5 டிகிரியிலேயே பதங்கமாகும். சிலிக்கான் டைஆக்சைடு, நம் ஆற்றுமணல், 1,700 டிகிரி வரை அசையாது. கார்பன் சின்னது, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டு மூலக்கூறாக முடிந்துவிடும். சிலிக்கான் பெரியது, இரட்டைப் பிணைப்பு அதற்கு ஒத்துவராது. நான்கு ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்பு போட்டு முடிவில்லாமல் நீளும். உருகுநிலை அதிகம் என்ற ஒன்றை வைத்து மணலை அயனிச் சேர்மம் என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். 13, 14 தொகுதிகளின் நடுப்பகுதியிலிருந்து ஒரு தனிமம் வந்தால் வலைப்பின்னலாக இருக்குமோ என்று ஒருமுறை யோசியுங்கள்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி., இரு முனையும் சீவிய இரண்டு பென்சில். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, பென்சில் முனைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் முதலில் எல்.இ.டி.-யைத் திருப்பிப் போடுங்கள். பாதி நேரம் கோளாறு அதுதான். உலர்ந்த உப்பில் எரியாது. 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்தால் எரியும். அதே அளவு சர்க்கரையில் எரியாது. குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்புகள் இருப்பதால் சர்க்கரைக் கரைசலும் கடத்துவதுபோல் தோன்றும். செம்புக் கம்பியை நேராக முக்கினால் அதுவே கரைந்து நீர் நிறம் மாறும். பென்சில் கிராஃபைட்டே போதும். பத்து நொடிக்கு மேல் வைக்க வேண்டாம், குளோரின் வாடை வரத் தொடங்கும்.

கரைசல் கடத்துகிறது என்பதால் மட்டும் அயனிச் சேர்மம் ஆகிவிடாது. எலுமிச்சைச் சாற்றிலும் வினிகரிலும் விளக்கு மங்கலாக எரியும். அவற்றிலுள்ள அமிலங்கள் சகப்பிணைப்புச் சேர்மங்கள், நீரோடு வினைபுரிந்து அயனி தருகின்றன. ஹைட்ரஜன் குளோரைடும் இந்த வகை. தீர்ப்பு சொல்லும் சோதனை, திண்மத்தில் கடத்தாமல் உருகியதும் கடத்துவதுதான். 801 டிகிரிக்கு வீட்டு அடுப்பு தாங்காது. கல் உப்பை வாணலியில் சூடாக்கினால் படபடவென்று வெடித்துத் தெறிக்குமே, அது உருகுவதல்ல. படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாகி உடைக்கிறது. கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை கைவிடும் இடம்

பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. அலோகம் இரண்டு, வேறுபாடு 0.97, சராசரி 2.68, பாஸ்பரஸின் எண் +5. முதல் ஐந்து படிகளும் ஒரே குரலில் சகப்பிணைப்பு என்கின்றன. ஆவியில் அது உண்மை: ஒரு பாஸ்பரஸைச் சுற்றி ஐந்து குளோரின் கொண்ட மூலக்கூறு. திண்மமாகப் படியும்போது ஒரு மூலக்கூறு தன் குளோரைடை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நான்கு குளோரின் உள்ள நேரயனியும் ஆறு குளோரின் உள்ள எதிரயனியுமாக, சீசியம் குளோரைடு படிகத்தைப் போல அடுக்கி நிற்கிறது. ஒவ்வொரு அயனிக்கு உள்ளும் சகப்பிணைப்பு, அயனிகளுக்கு நடுவே அயனிப் பிணைப்பு. பாஸ்பரஸ் பென்டாபுரோமைடின் திண்மத்திலும் அயனிகள்தான், ஆனால் அங்கே ஆறு புரோமினைச் சுற்றி வைக்க இடம் போதாமல், எதிரயனி வெறும் புரோமைடாகத் தனித்து நிற்கிறது. இந்த இரண்டில் எதைக் கேட்டாலும், கேள்வியில் ‘திண்ம நிலையில்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.